சிலையின் கண்ணும் தொழிலாளியின் கண்ணும்: ஹோப் வைரத்தின் சாபக் கதை

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால், மெதுவாகச் சுழலும் பீடத்தின் மேல் ஹோப் வைரம் இருக்கிறது. எடை 45.52 கேரட். நீளவாக்கில் அளந்தால் இரண்டரை சென்டிமீட்டர். லேசாகச் சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலம், சுற்றிலும் 16 வெள்ளை வைரங்கள். ஆனால் அதன் பெயரைக் கேட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நிறமல்ல, சாபம்.

கதை இப்படிப் போகிறது. 17ஆம் நூற்றாண்டில் தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி இந்தியாவுக்கு வந்தார். ஒரு கோயிலில் சீதை சிலையின் கண்ணாக இருந்த நீல வைரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கோயில் பூசாரிகள் அதை வைத்திருக்கும் அத்தனை பேரும் நாசமாகப் போவார்கள் என்று சபித்தார்கள். தவெர்னியேயை ரஷ்யாவில் வெறிநாய்கள் கிழித்துக் கொன்றன. அதை வாங்கிய பிரெஞ்சு அரச குடும்பம் கில்லட்டினில் தலை இழந்தது. அப்புறம் கைமாறிய இடமெல்லாம் கொலை, தற்கொலை, திவால்.

'சிவன் சொத்து குல நாசம்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்கிறது. கோயில் பொருளைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்பது நம் ஊரிலும் உள்ள நம்பிக்கைதானே. அதனாலேயே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சாபம் இந்தியாவில் பிறந்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளும் நகை வியாபாரமும் சேர்ந்து வளர்த்தெடுத்த கதை அது. இந்தக் கல்லுக்காக உண்மையிலேயே கஷ்டப்பட்ட மனிதர்கள் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

தவெர்னியே எழுதியதும் எழுதாததும்

ஜான் பாப்டிஸ்ட் தவெர்னியே 1605இல் பாரிஸில் பிறந்தவர். ரத்தின வியாபாரத்துக்காக ஆறு முறை கிழக்கு நாடுகளுக்கு வந்து போனார். கடைசிப் பயணம் முடிந்து திரும்பியதும், 1668இல் பதினான்காம் லூயி மன்னர் அவரிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்களை வாங்கினார். அவற்றில் ஒன்றுதான் இந்த நீலக் கல். இன்றைய கணக்கில் சுமார் 115 கேரட். தவெர்னியே அதன் நிறத்தை 'அழகிய ஊதா' என்று குறித்திருக்கிறார். 1676இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் அந்தக் கல்லின் படமும் இருக்கிறது.

எங்கே வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று அவர் எழுதவில்லை. கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் பலரின் கருத்து. கொல்லூர் இன்றைய ஆந்திரத்தில், கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த ஊர். கோயில், சிலை, திருட்டு, சாபம் எதுவும் இந்தக் கல்லைப் பற்றிய அவருடைய குறிப்பில் கிடையாது.

அவருடைய மரணத்தையும் பார்த்துவிடுவோம். லூயி மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். வைரம் விற்ற பணத்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஓபோன் என்ற பண்ணையை வாங்கினார். எண்பது வயதைத் தாண்டியும் வீட்டில் உட்காராமல் மறுபடி கிழக்கே கிளம்பியவர், 1689இல் மாஸ்கோவில் இறந்தார். அப்போது வயது 84 ஆகியிருக்கும். நாய்கள் கிழித்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் 84 வயது வரை நடமாடிய ஒரு மனிதரைச் சாபத்தின் முதல் பலி என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிலைக்கு ஏன் வைரக் கண்?

'சிலையின் கண்ணிலிருந்து பிடுங்கிய வைரம்' என்ற இந்த அச்சில் வார்த்த கதை ஹோப் வைரத்துக்கு மட்டும் சொந்தமல்ல. ரஷ்யப் பேரரசர்களின் செங்கோலில் பதித்த ஓர்லோவ் வைரத்துக்கும் இதே கதைதான். அந்தக் கதை நடக்கும் இடம் நம் ஸ்ரீரங்கம். படையை விட்டு ஓடிய பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன், பக்தனைப் போல நடித்து உள்ளே நுழைந்து, ரங்கநாதரின் கண்ணில் இருந்த வைரத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினான் என்பார்கள். 1751-52இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டிருந்தது உண்மை. அதனால் கதைக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய பெருமாள் என்று அழைக்கப்படும் மூலவர் ரங்கநாதரின் திருமேனி சுதையால் ஆனது. அபிஷேகம்கூடச் செய்யாமல் தைலக்காப்பு சாற்றிப் பாதுகாத்து வருகிறார்கள். அந்தத் திருமேனியின் கண்ணில் 190 கேரட்டை ஒட்டிய வைரம் பதிந்திருந்தது என்பதைக் கோயில் நடைமுறை தெரிந்த யாரும் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓர்லோவ் வைரம், 1665இல் ஔரங்கசீப்பின் அவையில் தவெர்னியே கையில் வாங்கிப் பார்த்த 'பெரிய மொகலாய வைரம்'தான் என்று கருதுகிறவர்கள் பலர்.

அடுத்தது 'கறுப்பு ஓர்லோவ்'. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் பிரம்மாவின் கண்ணாக இருந்ததாம். பிரம்மாவுக்குத் தனிக் கோயில் எத்தனை அபூர்வம் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கல்லுக்காகத் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் ரஷ்ய இளவரசிகளும் கதையில் வருகிற அளவுக்கு ஆவணங்களில் வருவதில்லை.

கண் என்ற இந்தக் கற்பனைக்குத் தவெர்னியேயின் நூலே ஒரு விதையாக இருந்திருக்கலாம். பூரி ஜகந்நாதருக்கு வைரக் கண்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பியர்கள் உள்ளே போக முடியாத கருவறை அது. பின்னாளில், 1868இல், இந்தியக் கோயில் சிலையிலிருந்து திருடிய வைரம் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தை ஆட்டிவைப்பதாக 'மூன்ஸ்டோன்' என்ற நாவல் வந்து பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு இந்திய வைரம் என்றாலே சிலை, பூசாரி, பழிவாங்கல் என்று ஆங்கில வாசகர்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நம் மரபில் கற்களைப் பற்றிய பயம் இல்லையா? இருக்கிறது. நீலக் கல் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு மோதிரத்தில் பதிக்கிறவர்கள் இன்றும் உண்டு. பழங்காலச் சோதிட அறிஞர் வராகமிகிரர் நல்ல இலக்கணமுள்ள ரத்தினம் அரசனுக்கு நன்மை, குறையுள்ளது கேடு என்கிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது, காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்ற நான்கு குற்றமும் நீங்கிய வைரங்களைப் பேசுகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தோஷம் கல்லுக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய குறையாக இருக்கிறது. ஒரு வியாபாரி கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடலாம். கைமாறக் கைமாறத் துரத்திக்கொண்டு வரும் பழி அதில் இல்லை.

சாபமும் நம்மிடம் உண்டுதான். ஆனால் அது கல்வெட்டில் பகிரங்கமாக வெட்டப்பட்டிருக்கும். 'இத்தர்மத்துக்கு அழிவு நினைத்தவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்' என்ற வரியைப் பழைய கோயில் சுவர்களில் பார்க்கலாம். எந்தக் கோயில், யார் கொடுத்த தர்மம், என்ன பொருள் என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளுக்கு வைரம் இத்தனை, மாணிக்கம் இத்தனை, முத்து இத்தனை என்று எண்ணி எழுதி, எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஹோப் வைரக் கதைக்குக் கோயிலின் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு வடிவத்தில் கண், இன்னொன்றில் நெற்றி. நம் மண்ணில் கிளம்பிய சாபம் இப்படி முகவரி இல்லாமல் இருக்காது.

கொல்லூரில் நடந்தது

தவெர்னியே சுரங்கங்களைப் பற்றி எழுதிய பக்கங்கள்தான் என்னை அதிகம் பாதித்தவை. கொல்லூரில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்ததாக அவர் சொல்கிறார். ஆண்கள் தோண்டுவார்கள், பெண்களும் குழந்தைகளும் மண் சுமப்பார்கள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு அடிக்குள் தண்ணீர் வந்துவிடும், அதோடு அந்தக் குழி முடிந்தது. எடுத்த மண்ணை இரண்டடி உயரச் சுவர் கட்டிய களத்தில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, சேற்றை வடித்து, வெயிலில் காய வைத்து, முறத்தில் புடைத்து, மிச்சத்தை மர உலக்கையால் தட்டிவிட்டு, கடைசியில் கையால் துழாவித் தேடுவார்கள்.

தோண்டுவதற்கு முன்னால் ஒரு பூஜை நடக்கும். கல்லில் செய்த சிறிய தெய்வ உருவத்தை நிறுத்தி வைத்து, எல்லாரும் மூன்று முறை விழுந்து கும்பிடுவார்கள். பூசாரி மந்திரம் சொல்லி, குங்குமப்பூவும் பிசினும் குழைத்த சாந்தை ஒவ்வொருவர் நெற்றியிலும் இடுவார். ஏழெட்டு அரிசி மணிகள் ஒட்டி நிற்கும் அளவுக்கு அது பட்டையாக இருக்கும். அப்புறம் குளியல், எல்லாருக்கும் சாப்பாடு, அதன் பிறகு வேலை. கொல்லூர்ப் பக்கங்களில் தெய்வமும் பூசாரியும் வருவது இங்கேதான். சாபம் கொடுக்க அல்ல, வேலை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள.

கூலி? வேலை நன்றாகத் தெரிந்தவனுக்கே ஆண்டுக்கு மூன்று வராகன் பொற்காசுக்கு மேல் கிடைப்பதில்லை என்று இன்னொரு சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது சொல்கிறார். இடுப்பில் ஒரு துண்டுத் துணி மட்டும் கட்டிய அந்த மனிதர்கள் எதையாவது ஒளித்துவிடுவார்களோ என்று 50 பேருக்கு 12 முதல் 15 கண்காணிகள். அப்படியும் சிலர் கல்லை விழுங்கிவிடுவார்கள். ஒரு தொழிலாளி இரண்டு கேரட்டை ஒட்டிய ஒரு கல்லைக் கண்ணின் ஓரத்தில், இமைக்குள் செருகி மறைத்து வைத்திருந்தான். பிடிபட்டதும் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

சீதையின் கண்ணில் இருந்த வைரம் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். ஆவணத்தில் இருப்பது வயிற்றுப்பாட்டுக்காகக் கூர்மையான கல்லைத் தன் கண்ணுக்குள்ளேயே திணித்துக்கொண்ட ஒரு மனிதன். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஹோப் வைரத்தின் பலிகள் என்று எத்தனையோ பட்டியல்கள் வந்திருக்கின்றன. கொல்லூரின் தொழிலாளிகள் ஒருவரையும் அவற்றில் நான் பார்த்ததில்லை.

மன்னர்களும் திருடர்களும்

பாரிஸ் போன கல்லை, ஜான் பித்தோ என்ற அரசவைப் பொற்கொல்லர் 1670களின் தொடக்கத்தில் புதிதாகப் பட்டை தீட்டிக் கொடுத்தார். சுமார் 115 கேரட் 69 கேரட்டாகக் குறைந்தது. பதினான்காம் லூயி அதைக் கழுத்துப் பட்டியில் அணிந்தார். சாபக் கதையில் நிதி அமைச்சர் நிக்கோலா ஃபூக்கே இந்தக் கல்லை ஒரு விருந்துக்கு இரவல் வாங்கி அணிந்ததால் சிறைக்குப் போனார் என்று வரும். ஃபூக்கே கைதானது 1661இல். கல் அரண்மனைக்கு வந்ததோ 1668இல். லூயி 72 ஆண்டுகள் அரியணையில் இருந்துவிட்டு, 77 வயதை நெருங்கும்போது இறந்தார். அடுத்து வந்த பதினைந்தாம் லூயி 59 ஆண்டுகள் மன்னர். அவர் 1749இல் இந்த நீல வைரத்தை 'தங்கக் கம்பளி' என்ற வீரர் குழுவின் பதக்கத்தில் பதிக்க வைத்தார்.

அது மன்னர் அணிய வேண்டிய பதக்கம். மரீ ஆன்த்வானெத் ராணி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றியதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ராணியும் பதினாறாம் லூயியும் கொல்லப்பட்டதற்குக் காரணம் தேட வைரத்துக்குள் போக வேண்டிய அவசியமும் இல்லை. காலியான கஜானா, எகிறிய ரொட்டி விலை, வரி கட்டாத பிரபுக்கள், மக்களின் கோபம் என்று பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் எல்லாம் வெளிப்படையானவை. சாபத்தின் மேல் பழி போட்டால், பட்டினி கிடந்து தெருவுக்கு வந்த லட்சக்கணக்கான மக்கள் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

1792 செப்டம்பரில், மன்னர் குடும்பம் சிறையில் இருந்தபோது, அரச நகைகள் வைத்திருந்த கட்டடத்தில் திருடர்கள் புகுந்தார்கள். வெளியிலிருந்து ஏறி முதல் மாடி ஜன்னல் வழியாக உள்ளே போய், ஒரே இரவோடு நிறுத்தாமல், 11ஆம் தேதியிலிருந்து அடுத்தடுத்த இரவுகளிலும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நீல வைரமும் போயிற்று. அந்த வடிவத்தில் அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

1812 செப்டம்பர் 19ஆம் தேதி, லண்டனில் ஜான் ஃபிரான்சிலான் என்ற நகை வியாபாரி, டேனியல் எலியாசன் என்பவரிடம் இருந்த ஒரு பெரிய நீல வைரத்தின் அளவையும் எடையையும் குறித்து வைத்தார். திருட்டு நடந்து சரியாக இருபது ஆண்டுகளும் சில நாட்களும் ஆகியிருந்தன. இருபது ஆண்டு தாண்டிய குற்றத்துக்கு வழக்கு இல்லை என்பது பிரெஞ்சுச் சட்டம். கல் அந்தத் தேதி வரை காத்திருந்து வெளியே வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடையாளம் மறைய வேண்டும் என்பதற்காக யாரோ அதைச் சிறிதாக வெட்டியிருக்கிறார்கள். 2007இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஃபிரான்சுவா ஃபார்ஜ் என்ற கனிமவியல் ஆய்வாளர் ஓர் ஈய வார்ப்பைக் கண்டுபிடித்தார். திருடு போன பிரெஞ்சு நீல வைரத்தின் சரியான வார்ப்பு அது. அதன் பதிவில் லண்டன் 'ஹோப்'பின் பெயரும் இருந்தது. கணினியில் பொருத்திப் பார்த்தபோது இன்றைய ஹோப் வைரம் அந்த வடிவத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

ஹென்றி பிலிப் ஹோப் லண்டனில் வாழ்ந்த வங்கிக் குடும்பத்துப் பணக்காரர். 1839இல் அவருடைய ரத்தினப் பட்டியலில் இந்தக் கல் வருகிறது. பெயரும் அவரால் வந்ததுதான். ஹோப் குடும்பத்தின் கையில் அது இருந்த காலம் முழுக்கச் சாபப் பேச்சே இல்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் எல்லாரும் பார்க்க வைத்தார்கள். யாரும் பயந்து விலகவில்லை.

சாபம் பிறந்த ஆண்டுகள்

குடும்பத்தின் பிற்கால வாரிசு பிரான்சிஸ் ஹோப் பிரபு சூதாட்டத்தில் கடனாளியானார். மனைவி மே யோஹி என்ற அமெரிக்க நடிகை அவரை விட்டுப் போனார். நீதிமன்ற அனுமதி வாங்கி 1901இல் வைரத்தை விற்றார். அவர் சூதாடியது கல்லைப் பார்த்த பிறகு வந்த பழக்கமல்ல. பிற்பாடு அவரே நியூகாசில் கோமகனாகி, 75 வயதில் இறந்தார். பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

நியூயார்க்கில் அதை வாங்கிய நகை வியாபாரிகளால் நல்ல விலைக்கு விற்க முடியவில்லை. 1907இல் அமெரிக்காவில் வங்கி நெருக்கடி வந்தது. அந்த நிறுவனமும் தடுமாறியது. அந்தச் சமயத்தில்தான், 1908 ஜனவரியில், ஹோப் வைரம் வைத்திருந்த எல்லாருக்கும் தொல்லை கொடுத்திருக்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எழுதியது. அடுத்த சில ஆண்டுகளில் வெவ்வேறு பத்திரிகைகள் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்தன. வைரத்தைத் தீட்டிய டச்சுக்காரரின் மகன் தற்கொலை, நடிகையைச் சுட்டுக் கொன்ற ரஷ்ய இளவரசர், குடும்பத்தோடு மலை விளிம்பிலிருந்து விழுந்த கிரேக்க வியாபாரி என்று பட்டியல் நீண்டது. இவர்களில் பலர் வைரத்தை வைத்திருந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

1910இல் பிரெஞ்சு நகை வியாபாரி பியேர் கார்த்தியே அதை வாங்கினார். அமெரிக்கப் பணக்காரர்களுக்கு விற்பது அவர் நோக்கம். வாடிக்கையாளராக அவர் பார்த்துவைத்தது எவலின் வால்ஷ் மெக்லீனை. எவலினின் அப்பா கொலராடோவில் தங்கச் சுரங்கம் கண்டு கோடீசுவரரானவர். பிறருக்குத் துரதிர்ஷ்டமானது தனக்கு அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர் எவலின். கார்த்தியே அவரிடம் சாபக் கதைகளை மறைக்கவில்லை. ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். முதலில் எவலினுக்கு நகையின் அமைப்பு பிடிக்கவில்லை. கார்த்தியே புது அமைப்பில் பதித்துக் கொண்டுவந்து, வார இறுதிக்கு வீட்டில் வைத்திருங்கள் என்று விட்டுப் போனார். 1911இல் 1,80,000 டாலருக்கு விலை பேசி முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: ஆறு மாதத்துக்குள் குடும்பத்தில் உயிரிழப்பு நேர்ந்தால், அதே மதிப்புள்ள வேறு நகைக்கு மாற்றிக்கொள்ளலாம். சாபம் சட்ட மொழியில் ஏறியது இங்கேதான். அதைவிட நல்ல விளம்பரம் எந்த நகைக்கும் கிடைத்திருக்காது.

எவலின் 1908இல் திருமணம் செய்துகொண்ட நெட் மெக்லீனின் தந்தை, அந்த ஆண்டு சாபக் கட்டுரை வெளியிட்ட அதே வாஷிங்டன் போஸ்டின் உரிமையாளர்.

எவலினின் வாழ்க்கையில் சோகம் நிறைய. 1919இல் ஒன்பது வயது மகன் வின்சன் வீட்டுக்கு முன்னால் கார் மோதி இறந்தான். கணவர் குடியில் சீரழிந்து, 1941இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். வாஷிங்டன் போஸ்ட் 1933இல் ஏலத்துக்குப் போனது. 1946இல் 24 வயது மகள் தூக்க மாத்திரை அதிகமாகி இறந்தாள். விமானி லிண்ட்பெர்கின் கடத்தப்பட்ட குழந்தையை மீட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஒரு மோசடிக்காரனிடம் எவலின் ஒரு லட்சம் டாலர் இழந்தார். இதையெல்லாம் வரிசையாகப் படித்தால் யாருக்கும் மனம் கலங்கும்.

ஆனால் வரிசையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். 1905இல், வைரம் அவர் கைக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கார் விபத்தில் எவலினின் தம்பி இறந்தான். அவனுடைய பெயரும் வின்சன்தான். காரில் எவலினும் இருந்தார். காலில் பட்ட பெரிய காயத்தின் வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் அவருக்குப் பழக்கமாகிப் போனது. அப்பா 1910இல் இறந்தார். கணவரின் குடிப்பழக்கமும் வைரத்துக்கு முந்தியது. சாபப் பட்டியல் எப்போதும் வைரம் வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதால் இவை கணக்கில் வருவதில்லை. நீண்ட காலம் வாழ்ந்த எந்தக் குடும்பத்தின் நாற்பது ஆண்டுகளை எடுத்துச் சாவுகளை மட்டும் வரிசைப்படுத்தினாலும் பயங்கரமான ஒரு பட்டியல் கிடைக்கும்.

எவலின் அந்த வைரத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. வளர்த்த பெரிய நாயின் கழுத்தில் மாட்டுவார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது அவர்கள் கையில் கொடுத்து விளையாடச் சொல்வார். பணமுடை வந்தால் அடகு வைப்பார், மீட்பார். 1947இல் அவர் இறக்கும் வரை அது அவரிடமே இருந்தது. வைரத்தின் மேல் அவருக்குப் பயம் இருந்திருந்தால் விற்றுத் தொலைக்க 36 ஆண்டுகள் அவகாசம் இருந்தது.

மே யோஹி மட்டும் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தன் வாழ்க்கையின் தோல்விகளுக்கெல்லாம் கல்தான் காரணம் என்று சொன்னார். 1921இல் ஹோப் வைர மர்மத்தை வைத்துப் பதினைந்து பாகத் தொடர்படம் ஒன்றும் அவர் பங்களிப்போடு வந்தது. சாபக் கதை பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

தபாலில் வந்த வைரம்

1949இல் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் எவலினின் நகைகளை வாங்கினார். ஹோப் வைரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி தர்ம காரியங்களுக்குப் பணம் திரட்டினார். 1958 நவம்பரில் அதை ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். காவலோடு அனுப்பவில்லை, பழுப்புக் காகிதத்தில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தக் கட்டணம் 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் செலவு 2 டாலர் 44 சென்ட்தான், மீதி எல்லாம் பத்து லட்சம் டாலர் காப்பீட்டுக்கு.

அதைக் கொண்டுவந்து சேர்த்த தபால்காரர் ஜேம்ஸ் டாட். பிற்பாடு அவருக்கு லாரி விபத்தில் கால் நசுங்கியது, மனைவி இறந்தார், வீட்டில் தீப்பிடித்தது. பத்திரிகைகள் உடனே பட்டியலில் அவரையும் சேர்த்துவிட்டன. ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரைச் சாபம் பிடிக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வைரத்தைக் கையாண்ட ஹாரி வின்ஸ்டன் 82 வயது வரை வாழ்ந்தது பட்டியலில் இல்லை.

ஸ்மித்சோனியனுக்கு வந்த பிறகு அது வெளியே போனது சில முறைதான். அதில் ஒன்று 1962இல், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு. 1792இல் அந்த நகரத்தில் திருடு போன கல், 170 ஆண்டுகள் கழித்து ஒரு மாதக் காட்சிக்காகத் திரும்பிப் போனது.

சாபத்தை நம்புகிறவர்கள் கடைசியாகக் காட்டுவது ஒரு சிவப்பு ஒளியை. புற ஊதா விளக்கை ஹோப் வைரத்தின் மேல் காட்டிவிட்டு விளக்கை அணைத்தால், இருட்டில் அந்த நீலக் கல் தணல் போலச் சிவந்து எரியும், ஒரு நிமிடம் வரைகூட. பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும் என்பதில் சந்தேகமில்லை. 2008இல் ஆய்வாளர்கள் இதை அளந்து, கல்லுக்குள் இருக்கும் போரானும் நைட்ரஜனும் சேர்ந்து நடத்தும் வேலை என்று விளக்கினார்கள். நீல வைரங்கள் பலவற்றில் இந்த ஒளிர்வு உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் சிவப்பின் அளவும் அது மறையும் வேகமும் வேறுபடும். அதை வைத்தே ஒரு நீல வைரத்தை இன்னொன்றிலிருந்து அடையாளம் பிரிக்க முடியும்.

நீலத்துக்கும் காரணம் அந்தப் போரான்தான். பத்து லட்சம் கார்பன் அணுக்களுக்கு நடுவே சராசரியாக ஓர் அணுகூட இல்லாத அளவு; அது போதும், வெளிச்சத்தின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக் கல்லை நீலமாக்கிவிடும். இந்த வகை வைரங்கள் 660 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மூடகம் என்ற தடித்த பாறை அடுக்கின் கீழ்ப்பகுதியில் உருவானவை என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு ஆழத்தில் போரானுக்கு வேலையே இல்லை. அது மேலோட்டில் சேர்கிற தனிமம். கடல் தரைப் பாறை, கடல் நீரிலிருந்து போரானை உறிஞ்சிக்கொண்டு, புவித்தட்டோடு பூமிக்குள் அமிழ்ந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.